யானையைக் கட்டியாயிற்று, தீனியைப் பேசுவோம்

வாசகர் கேள்விகளுக்குப் பழைய மெக்கானிக் ஒருவரின் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய பென்ஸ் பற்றியவை. காரணம் தெரிந்ததுதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். சொந்தப் பாவனைக்கான கார்கள் திரும்ப வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில். வந்தவற்றின் விலையை விசாரித்துவிட்டு வீட்டுக்கு வந்தவர்கள், கொட்டிலில் நிற்கிற பழையதை ஒருமுறை அன்பாகத் தடவியிருப்பார்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 1974இல் கொழும்பில் ஸ்பனர் பிடித்தவன். 83 கலவரத்துக்குப் பிறகு ஊருக்கு வந்து கோண்டாவிலில் கராஜ் போட்டேன். இப்போது மருமகன் நடத்துகிறார். நான் வாசலில் கதிரை போட்டு இருந்து அவருடைய வேலையில் பிழை பிடிக்கிறேன். அவர் என்னோடு பேசாமல் விடுகிற நாட்களில் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

கேள்வி: ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் நான். கொழும்பிலிருந்த மாமா காலமாகும் முன் தன் 1982ஆம் ஆண்டு மெர்சிடிஸ் 300 ரி.டி. ஸ்டேஷன் வகனை எனக்கென்று எழுதிவைத்தார். இரவு நிறுத்தினால் காலையில் நாய் குந்தியிருப்பது போலப் பின்பக்கம் பதிந்திருக்கிறது. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினால் அரைவாசி எழும்புகிறது. பள்ளத்தில் இறங்கினால் மாட்டுவண்டி மாதிரி அடிக்கிறது. ஒரு கராஜில் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு ஹையேஸ் வான் ஸ்பிரிங் போடலாம் என்கிறார்கள். இன்னொரு இடத்தில் முழுவதும் புதிதாக மாற்ற 6 லட்சம் கேட்கிறார்கள். ஓய்வூதியத்தில் மாதம் 20,000 ஒதுக்கலாம். எதிலிருந்து தொடங்குவது? (ஆசிரியர், சண்டிலிப்பாய்)

பதில்: மாஸ்டர், இரண்டு கராஜுக்கும் போக வேண்டாம். கொஞ்சம் பொறுங்கள்.

உங்கள் கொட்டிலில் நிற்பது சாதாரண சாமான் இல்லை. பென்ஸ் கம்பனி தானே வரிசையாகச் செய்து விற்ற முதல் ஸ்டேஷன் வகன் இந்த இனம்தான். 1977இல் பிராங்பேர்ட் கண்காட்சியில் காட்டினார்கள், பிறேமன் நகரத் தொழிற்சாலையில் செய்தார்கள். அதற்கு முன் பென்ஸ் வகன் வேண்டுமென்றவர்கள் காரை வாங்கி வெளியே பொடி கட்டுகிறவர்களிடம் கொடுத்துத்தான் மாற்றிக்கொண்டார்கள். பெயரிலுள்ள ‘ரி’ பயணத்துக்கும் பாரத்துக்கும், ‘டி’ டீசலுக்கு. எஞ்சின் ஐந்து சிலிண்டர், 3 லீற்றர், தலையும் உடலும் வார்ப்பிரும்பு. அந்த எஞ்சினைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை, அதிலேயே அதன் குணம் தெரிகிறது.

பின்பக்கக் கதைக்கு வருவோம். வகனில் எவ்வளவு பாரம் ஏற்றினாலும் பின்பக்கம் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும் என்று ஓர் ஏற்பாடு செய்தார்கள். வெறும் வண்டியின் பாரத்தைச் சாதாரண ஸ்பிரிங்தான் தாங்குகிறது. அதற்கு மேல் ஏறும் பாரத்துக்கு ஒயில் அழுத்தம் துணை நிற்கிறது. எஞ்சின் சுற்றுகிற சிறிய பம்ப் ஒன்று ஒரு தொட்டியிலிருந்து ஒயிலை எடுத்துப் பின்னுக்கு அனுப்பும். பின்பக்கம் பதிந்தால் ஒரு கம்பி வால்வைத் திறந்து, பின்சில்லுகளில் ஷொக் அப்சோபர் போல நிற்கும் இரண்டு தடிகளுக்குள்ளும் ஒயிலை விடும். எழும்பினால் மூடும். தடி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தேங்காய் அளவில் ஓர் இரும்புக் குண்டு இருக்கிறது. குண்டுக்குள் நடுவே ஒரு ரப்பர்ச் சவ்வு, ஒரு பக்கம் நைதரசன் வாயு, மறுபக்கம் ஒயில். பள்ளத்தில் விழும்போது ஒயில் போய் அந்த வாயுவை அமுக்குகிறது. ஒயில் தானாக அமுங்காது, வாயுதான் மெத்தை.

ஆகவே உங்களிடம் இருப்பது இரண்டு வருத்தம். மாட்டுவண்டி மாதிரி அடிப்பது குண்டுகளின் வருத்தம். சவ்வு கிழிந்து வாயு போய்விட்டது. இரவில் பதிவது ஒயில் எங்கோ கசிகிற வருத்தம். ஒன்றுக்கு மருந்து போட்டால் மற்றது மாறாது. இதைப் பிரித்துப் பார்க்காமல் 6 லட்சம் என்று சொன்னவர் காரைக் கவனிக்கவில்லை, உங்கள் முகத்தைக் கவனித்திருக்கிறார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை செலவில்லாமல் ஒரு சோதனை செய்யுங்கள். பொனற்றைத் திறந்து அந்தத் தொட்டியைக் கண்டுபிடித்து, அதன் கோலில் ஒயில் மட்டம் பாருங்கள். குறைந்திருந்தால் அதற்குரிய ஒயிலை மட்டும் விட வேண்டும். பென்ஸ் இலக்கம் 343.0, கனிய எண்ணெய் வகை. பிறேக் ஒயில் விடவே கூடாது. இதை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், 1988இல் ஒரு டாக்குத்தரின் வகனுக்கு நானே பிறேக் ஒயிலை ஊற்றினேன். இரண்டு கிழமையில் ரப்பர் சீல்கள் எல்லாம் ஊறிப் பருத்து, பம்பிலிருந்து பின்தடிவரை ஒழுகத் தொடங்கியது. சாமான்களை என் காசில் வாங்கிப் போட்டேன். டாக்குத்தர் ஒன்றும் சொல்லவில்லை. மனுசன் அதற்குப் பிறகு என் கராஜ் இருக்கிற ஒழுங்கைக்குள்ளேயே வரவில்லை.

ஒயில் மட்டம் சரியானதும் எஞ்சினை ஓடவிட்டு, பேரப்பிள்ளைகள் மூன்று பேரைப் பின்னுக்கு ஏற்றி இருத்துங்கள். பதிந்த பின்பக்கம் சற்று நேரத்தில் தானாக எழும்பினால் பம்பும் வால்வும் உயிரோடு இருக்கின்றன. பிறகு காரின் அடியில் காட்போட் மட்டை விரித்து ஓர் இரவு விடுங்கள். காலையில் ஒயில் சொட்டு எந்த இடத்தில் என்று பாருங்கள். தடியின் நேர்க் கீழே என்றால் தடி, குழாய் வழியில் என்றால் ஹோஸ். மட்டை காய்ந்திருந்தும் கார் பதிந்திருந்தால் வால்வு உள்ளுக்குள் கசிந்து ஒயில் தொட்டிக்கே திரும்புகிறது. அந்தக் கடைசி நோயோடு வருடக்கணக்காக ஓடலாம். காலையில் எழும்பச் சற்றுச் சோம்பல் படும், அவ்வளவுதான்.

என் கணிப்பில் உங்களுக்கு வேண்டியது இரண்டு குண்டுகளும், தேவைப்பட்டால் ஒரு ஹோஸும். தடிகளில் கை வைக்கவே தேவையிருக்காது, விலை கூடியவை அவைதான். குண்டுகளைச் சோடியாக மாற்ற வேண்டும். கழற்றும் முன் எஞ்சினை நிறுத்தி, வால்விலுள்ள சிறிய காற்று ஆணியில் ஒரு ரியூப் மாட்டி, போத்தலுக்குள் விட்டு அழுத்தத்தை இறக்கச் சொல்லுங்கள். அப்போது பின்பக்கம் இன்னும் பதியும், ஆகவே ஜக்கை மட்டும் நம்பாமல் முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் யாரும் அடியில் போக வேண்டும். அழுத்தத்தோடு குழாயைக் கழற்றிய ஒரு பெடியனுக்கு முகத்தில் ஒயில் அடித்து இரண்டு நாள் கண் திறக்கவில்லை.

ஹையேஸ் ஸ்பிரிங் கதை: பம்ப், வால்வு, தடி எல்லாமே செத்துப்போன வகன்களில் இந்த ஏற்பாட்டைக் கழற்றிவிட்டு, பொருத்தமான ஸ்பிரிங்கும் சாதாரண ஷொக் அப்சோபரும் போட்டு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதைக் குற்றம் சொல்ல மாட்டேன். வான் ஸ்பிரிங்கை வெட்டிப் போடுவது வேறு கதை. பின்பக்கம் வானத்தைப் பார்க்கும், பிறேக் பிடித்தால் முன்பக்கம் நிலத்தை முத்தமிடும்.

இனி உங்கள் 20,000. இத்தனை சொன்ன பிறகு இதைச் சொன்னால் கோபிப்பீர்கள், ஆனாலும் முதல் மாதக் காசு பின்பக்கத்துக்குப் போகக் கூடாது. பின்பக்கம் பதிவது வெட்கக்கேடு மட்டும்தான். முன்சில்லின் போல் ஜொயின்ற் கழன்றால் ஆள் தப்பாது. இந்தக் காருக்கு நான்கு சில்லிலும் டிஸ்க் பிறேக். அவற்றுக்குப் போகும் ரப்பர் ஹோஸ்கள் வெளியே பார்க்கப் புதிதுபோல இருந்தாலும் உள்ளே வீங்கி, பிறேக்கைப் பிடித்தபடியே வைத்திருக்கும். கொஞ்சத் தூரம் ஓடிவிட்டு நான்கு சில்லுக்கும் கிட்டக் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் கூடச் சுட்டால் அதுதான். ஹோஸும் புதுப் பிறேக் ஒயிலும் முதல் மாதம். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டும் கிழமை, பின் இரண்டும் ஆண்டு. மாமா கொழும்பில் கோயிலுக்கு மட்டும் ஓடியிருந்தால் பூ தேயாத டயர் பத்து வயதைத் தாண்டியிருக்கும். அதை மாற்றத்தான் வேண்டும், கணக்கில் இரண்டு மூன்று மாதம் போய்விடும்.

அதற்குப் பிறகு எஞ்சின் ஒயிலும் பில்டரும். 15டபிள்யூ-40 போதும், 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை. டப்பட்டும், அதாவது வால்வு இடைவெளியும், பார்க்க வேண்டும். இந்த எஞ்சினில் அது தானாகச் சரிப்படாது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இன்லெற் 0.10 மில்லிமீற்றர், எக்ஸோஸ்ற் 0.30. ஒரு பீலர் கேஜும் இரண்டு 14ஆம் நம்பர் ஸ்பனரும் உள்ளவர் ஒரு பின்னேரத்தில் முடித்துவிடுவார். காலையில் வெள்ளைப் புகையோடு இழுத்து இழுத்து ஸ்டார்ட் ஆகிற பல கார்களுக்கு ஹீற்றர் பிளக்கை மாற்றிக் காசைக் கரைக்கிறார்கள். இறுகிப்போன வால்வைத் தளர்த்திவிட்டால் அதுவே பாதி வருத்தத்தைத் தீர்க்கும். குண்டுகள் இதற்கெல்லாம் பிறகு, ஐந்தாம் ஆறாம் மாதத்தில். அதுவரை பாரம் ஏற்றாமல் மெதுவாக ஓடுங்கள்.

துருவைப் பற்றி ஒன்று. சண்டிலிப்பாய்க்குக் கடல் எட்டத்தில் என்று நினைக்காதீர்கள். சோளகம் பெயர்ந்தால் உப்புக் காற்று கொட்டிலுக்குள் வரும். வகனில் முதலில் அரிப்பது பின்கதவின் கீழ் ஓரமும் கண்ணாடியைச் சுற்றிய இடமும், ஜக் வைக்கும் துளைகளும், பின்சில்லின் வளைவும். கதவுகளின் அடியில் தண்ணீர் வடியச் சிறிய துளைகள் உண்டு, மண் அடைத்திருக்கும். ஈர்க்கால் குத்தி எடுங்கள். ஒரு விளக்குமாற்று ஈர்க்கு சேமிக்கிற ரின்கரிங் காசு கொஞ்சமில்லை. அடியில் பழைய எஞ்சின் ஒயில் அடிக்கிற பழக்கம் நம்மிடையே உண்டு. தகட்டுக்கு நல்லதுதான், ரப்பர் புஷ்களில் பட்டால் அவை ஊறிக் கெடும். மெழுகு வகை அடியுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது 240 டி கார், வகன் இல்லை. திறப்பைத் திருப்பிக் கழற்றி எடுத்த பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது! பிறேக்கை மிதித்து, கியரில் போட்டு, கிளச்சை விட்டு மூச்சடக்கித்தான் நிறுத்துகிறேன். அதோடு கதவுகளும் ஒன்றாகப் பூட்டுவதில்லை. வயரிங் முழுவதும் மாற்ற வேண்டும் என்கிறார் எலெக்ரீசியன். அம்மா தேசிக்காய் வெட்டச் சொல்கிறா. (இளைஞர், ஏழாலை)

பதில்: தம்பி, தேசிக்காயை அடுத்த கேள்விக்கு வைத்திரும். வயரிங்கையும் தொட வேண்டாம்.

டீசல் எஞ்சினுக்கு ஓடுவதற்குக் கரண்ட் தேவையில்லை, அதனால் கரண்டை வெட்டி அதை நிறுத்தவும் முடியாது. உம்முடைய காரில் நிறுத்துவது வெற்றிடம், நாங்கள் வக்கியூம் என்று சொல்வது. எஞ்சினோடு ஒரு வக்கியூம் பம்ப் இருக்கிறது. திறப்பை மூடும்போது அந்த உறிஞ்சல் மெல்லிய குழாய் வழியாக டீசல் பம்புக்குப் போய், டீசலை வெட்டும். அதே உறிஞ்சல்தான் நான்கு கதவும் ஒன்றாகப் பூட்டுவதற்கும். இப்போது புரிகிறதா? எங்கோ ஒரு கதவுக்குள் கிழிந்த சவ்வு காற்றை இழுக்கிறது, அதனால் எஞ்சினை நிறுத்தும் பலம் மிஞ்சவில்லை.

கதவுகளுக்குப் போகும் கிளைக்குழாயை முதன்மைக் குழாயிலிருந்து கழற்றி, முதன்மைக் குழாயின் திறந்த முனையை ஒரு ஆணி செருகி அடையும். எஞ்சின் உடனே நின்றால் கள்ளன் கதவுப் பக்கம். பிறகு ஒவ்வொரு கதவாகப் பாரும். கராஜில் இதற்கென்று கைப்பம்ப் வைத்திருப்பார்கள், உமக்குப் பாமசியில் வாங்கும் 60 மில்லி சிரிஞ்ச் போதும். குழாயில் மாட்டி, பிடியை இழுத்து, ஒரு நிமிடம் பிடித்திரும். விட்டதும் பிடி தானாகத் திரும்பி உள்ளே போனால் அந்தக் கிளை நல்லது. போகாவிட்டால் ஓட்டை. பெரும்பாலும் குழாய் அல்ல, குழாயை இணைக்கும் சிறு ரப்பர்த் துண்டுகள் வெடித்திருக்கும். அவற்றின் விலை இரண்டு பிளேன்ரீ.

கியரில் போட்டு நிறுத்துவதை இன்றோடு விடும். பொனற்றுக்கு அடியில் ‘ஸ்டொப்’ என்று எழுதிய கைப்பிடி இருக்கிறது, அதை அழுத்தினால் நிற்கும். ஆனால் ஒன்று: பிறேக்குக்குத் துணை நிற்பதும் இதே வக்கியூம்தான். பெடல் கல்லுப் போல இறுகுவதாகத் தெரிந்தால் காரை எடுக்காமல் மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிடும்.

கேள்வி: பழைய டீசல் பென்ஸ். டவுனுக்குள் சூடேறுகிறது என்று மெக்கானிக் தேர்மோஸ்டற்றைக் கழற்றிவிட்டார், ‘நம்ம ஊர் வெக்கைக்கு அது தேவையில்லை’ என்று. இப்போது முன்னையிலும் மோசம். கிணற்றுத் தண்ணீர்தான் விடுகிறேன். (வேலணை வாசகர்)

பதில்: அண்ணை, அந்தத் தேவையில்லை என்ற வார்த்தையால் இந்தக் குடாநாட்டில் எத்தனை எஞ்சின் செத்தது என்று கணக்கெடுத்தால் ஒரு சுடுகாடு காணாது.

உங்கள் காரின் தேர்மோஸ்டற் ஒரு வாசலை மட்டும் திறந்து மூடுவதில்லை. தண்ணீருக்கு இரண்டு வழி உண்டு: ஒன்று றேடியேற்றர் வழி, மற்றது எஞ்சினுக்குள்ளேயே சுற்றும் குறுக்குவழி. சூடு ஏறி 80 பாகை அளவில் தேர்மோஸ்டற் றேடியேற்றர் வழியைத் திறக்கும்போது, அதன் அடித்தட்டு குறுக்குவழியை அடைக்கிறது. கழற்றிவிட்டால் குறுக்குவழி எப்போதும் திறந்தபடி. சுடுதண்ணீரில் ஒரு பங்கு குளிரப் போகாமல் உள்ளேயே சுற்றும். முதலில் புதுத் தேர்மோஸ்டற்றைப் போடுங்கள். கடையிலிருந்து வந்ததும் சட்டியில் தண்ணீர் கொதிக்கவைத்து அதற்குள் தொங்கவிட்டு, திறக்கிறதா என்று பார்த்த பிறகு பூட்டுங்கள்.

பெரிய காரணம் நீங்களே எழுதிய கடைசி வசனம். நம்முடைய கிணறு சுண்ணாம்புக் கல்லுக்குள் வெட்டியது. தேத்தண்ணிக் கேத்தலின் அடியைப் பாருங்கள், வெள்ளையாகப் படிந்திருக்கும். அதே படிவு றேடியேற்றரின் நுண்குழாய்களிலும் எஞ்சின் உள்சுவரிலும் பிடித்திருக்கிறது. தீவுப் பக்கத்தில் சவர் வேறு சேர்ந்திருக்கும், அது இரும்பைத் தின்னும். இதற்குத்தான் தேசிக்காயை வைத்திருக்கச் சொன்னேன். உண்மையில் தேசிக்காய் வேண்டாம், கடையில் தூளாக விற்கும் சிற்றிக் அசிட் வாங்கிக் கரைத்து விட்டு, எஞ்சினைச் சூடாகும்வரை ஓட்டி, ஆறவிட்டுத் திறந்துவிடுங்கள். வருகிற தண்ணீரின் நிறத்தைப் பார்த்தால் இரவு நித்திரை வராது. தெளிவாக வரும்வரை நல்ல தண்ணீரால் கழுவுங்கள், அசிட் உள்ளே மிஞ்சக் கூடாது. பிறகு பற்றறிக்கு விடும் வடிதண்ணீரும் கூலன்ற்றும் பாதிப் பாதி. உறைகுளிர் இல்லாத ஊருக்குக் கூலன்ற் எதற்கு என்று கேட்பார்கள். துருப்பிடிக்காமல் காப்பதும் கொதிநிலையைக் கூட்டுவதும் அதன் வேலைதான்.

றேடியேற்றருக்கும் ஏசிக் கண்டென்சருக்கும் நடுவில் ஒருமுறை எட்டிப் பாருங்கள். செம்மண் தூசியும் வண்ணத்துப்பூச்சியும் மெத்தைபோல அடைத்திருக்கும்.

கேள்வி: பழைய பென்ஸ் டீசல் மரக்கறி எண்ணெயிலும் ஓடுமாமே? எங்களுடைய கடையில் வடை பொரித்த எண்ணெய் நிறைய மிஞ்சுகிறது. (சுன்னாகம்)

பதில்: ஓடும். ஓடுவது வேறு, ஓடிக்கொண்டே இருப்பது வேறு.

பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் நான் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்தவன். துளிப் பெற்றோலால் ஸ்டார்ட் பண்ணிச் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். ஊரே கறுப்புப் புகையும் மணமுமாக இருக்கும். அது வேறு வழி இல்லாத காலம். பிளக்கைத் தினமும் கழற்றித் துடைத்தோம், ஒயில் கெட்டது, எஞ்சின் தேய்ந்தது. அந்தக் கெட்டித்தனத்தை இப்போது விளையாட்டுக்குச் செய்ய மாட்டேன்.

சமையல் எண்ணெய் டீசலைவிடத் தடிப்பு. அதைச் சூடாக்கி மெலிதாக்கித்தான் பம்புக்குக் கொடுக்க வேண்டும், நிறுத்தும் முன் திரும்ப டீசலுக்கு மாற்ற வேண்டும், அதற்கு இரண்டாவது தாங்கி வேண்டும். வடை எண்ணெயில் உப்பும் தண்ணீரும் மாத்துகளும் இருக்கும். உங்களுடையது தேங்காய் எண்ணெய் என்றால் பேசவே வேண்டாம். 24, 25 பாகையில் அது உறைந்துவிடும். மார்கழி விடியலில் தலைக்கு வைக்கிற போத்தலை வெயிலில் வைக்கிறோமே, காரையும் அப்படி வைக்கப் போகிறீர்களா?

டீசல் செலவு குறைய வேண்டுமென்றால் எயார் பில்டரையும், டீசல் வழியிலுள்ள சிறிய கண்ணாடிப் பில்டரையும் மாற்றுங்கள். 2022 எரிபொருள் வரிசைக் காலத்தில் கேனில் சேர்த்துவைத்து ஊற்றிய டீசலின் கசடு இன்னும் பல தாங்கிகளின் அடியில் கிடக்கிறது. புகைப் பரிசோதனைக்குப் போகும் முன்னும் இதைச் செய்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: தம்பி ஜெர்மனியில் இருக்கிறான். அங்கிருந்து சாமான் எடுப்பதா, கொழும்பில் பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளில் தேடுவதா? (கொக்குவில்)

பதில்: இரண்டும். எது எங்கே என்று தெரிந்தால் காசு மிஞ்சும்.

பொடித் தகடு, கதவு, கண்ணாடி, லைற், கதிரை, உள் அலங்காரம், இவை பஞ்சிகாவத்தையில் பழையதாக எடுக்கலாம். ஆளே நேரில் போங்கள். இங்கிருந்து போனில் சொன்னால் பஸ்ஸில் வேறு ஏதோ வந்து சேரும், திருப்பி அனுப்பும் கூலி சாமானின் விலையைத் தாண்டும். ரப்பர் எதையும் பழையதாக வாங்காதீர்கள். புதுப் பெட்டிக்குள் இருபது வருடம் கிடந்த ரப்பரும் பழையதுதான், நகத்தால் அழுத்திப் பாருங்கள்.

ரப்பர், சீல், பில்டர், போல் ஜொயின்ற், பிறேக் சாமான் எல்லாம் தம்பியிடம். இந்தக் கார்களுக்குப் பென்ஸ் கம்பனியே இன்னும் பல சாமான்களைச் செய்துகொடுக்கிறது. லெம்பேர்டர், போஷ், மான் என்ற பெயர்களில் வருவது பெரும்பாலும் அதே தரம், பென்ஸ் பெட்டி இல்லாததால் விலை குறைவு. ‘82 பென்ஸுக்கு’ என்று கேட்காமல், சேசிஸ் நம்பர் முழுவதையும் எழுதி அனுப்புங்கள். அதற்குள்ளேயே 123.190 என்றிருந்தால் 300 ரி.டி., 123.183 என்றால் 240 ரி.டி. என்று கடைக்காரன் பார்த்துக்கொள்வான்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: மேலே மாஸ்டருக்குச் சொன்ன நைதரசன் குண்டுகளைத் தம்பி ஊருக்கு வரும்போது சூட்கேஸில் வைத்துக் கொண்டுவரக் கூடாது. அழுத்தம் ஏற்றிய சாமான். விமான நிலையத்தில் ‘உள்ளே என்ன’ என்று கேட்டால் ‘வாயு நிரப்பிய இரும்புக் குண்டு’ என்றா சொல்வான்? கப்பல் காகோவில் விபரம் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: உங்கள் பக்கத்தை வாசித்து வாசித்து என் கணவர் ஒரு பழைய பென்ஸ் வகன் வாங்கிவிட்டார். வீட்டுக்குள் ஒயில் மணம். மழைக்கு முன் கூரை மாற்ற வைத்த காசும் போகும் போலிருக்கிறது. விற்கச் சொல்லி ஒரு வரி எழுதுவீர்களா? (நல்லூர்)

பதில்: தங்கச்சி, குற்றம் என்மேல் என்கிறீர்கள், ஏற்றுக்கொள்கிறேன். விற்கச் சொல்லி எழுத மாட்டேன். இப்போது விற்றால் வாங்கியதில் பாதிதான் வரும். ஓடாமல் நிற்கிற ஆடம்பரக் காரைப் போல மலிவான சாமான் உலகத்தில் இல்லை. அதன் ஸ்பெயர் பாட்ஸ் மட்டும் மலிவதில்லை. உங்களுடையவர் எவ்வளவு குறைந்த விலைக்கு வாங்கினார் என்பது கடைக்காரனுக்குத் தெரியாது, தெரிந்தாலும் இரக்கப்பட மாட்டான். எங்கள் ஊரில் யானையைக் கட்டித் தீனி போடுவது என்று சொல்வது இதைத்தான்.

ஆகவே கூரைக் காசை இன்றைக்கே வேறு கணக்கில் போடுங்கள். ஒரு 80 பக்கக் கொப்பி வாங்கி அவரிடம் கொடுங்கள். இடப்பக்கம் காரில் அவர் கண்ட பிழை, வலப்பக்கம் அதைச் சோதித்துக் கண்டுபிடித்த காரணம். வலப்பக்கம் எழுதாமல் எந்தச் சாமானும் வாங்கக் கூடாது என்பது உங்கள் சட்டம். ஐம்பது வருடத்தில் நான் பார்த்தவரை, பழைய காரில் காசு அழிவது வருத்தம் தெரியாமல் ஒவ்வொரு சாமானாக மாற்றிப் பார்ப்பதால்தான். மாதத்துக்கு இவ்வளவு என்று தொகையையும் நீங்களே எழுதி முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். அவர் முறைத்தால் என்னைச் சாட்டுங்கள்.

ஒயில் மணம் வீட்டுக்குள் வருவதற்குக் காரணம் கார் இல்லை, அவர் உடுப்பு. கராஜ் உடுப்பைப் படலையடியில் கழற்றச் சொல்லுங்கள்.

அப்புறம், ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்களையும் பிள்ளைகளையும் அந்த வகனில் கீரிமலைக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். போகிற வழியில் பின்பக்கம் என்ன சத்தம் கேட்கிறது, பள்ளத்திலா, வளைவிலா, பிறேக் பிடிக்கும்போதா என்று நீங்கள் கவனித்து எனக்கு எழுதுங்கள். அவர் எழுத மாட்டார், அவருக்கு அந்தக் காரில் ஒரு சத்தமும் கேட்காது.